தேர்வுக்கு முன் ஒரு காபி

வாய்மொழித் தேர்வு தொடங்க ஒரு மணி நேரம்கூட இல்லை. அறுநூறு பக்கப் புத்தகத்தில் நான் ஒரு பக்கமும் படித்திருக்கவில்லை.

"ஏஐகிட்ட கொடுத்துப் பாட்காஸ்டா மாத்திக் கேளு, எத்தோரே. நம்ம பாதுவா ஊர்ல எல்லாரும் அதைத்தான் பண்றாங்க," என்றாள் தோழி சில்வானா. பல்கலைக்கழகக் காபிக் கடையில் நின்றிருந்தோம்.

"மூணு ஆப்ல போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணுல ரெண்டு பேர் சிரிச்சே நேரத்தைப் போக்குறாங்க. இன்னொண்ணு அடிக்குறிப்பை எல்லாம் விடாம ஒப்பிக்குது."

"மூணாவது?"

"பத்தே நிமிஷத்துல முடிச்சிடுது. எதை விட்டுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதையே கேளு. வேற வழி?"

இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டேன். ஒன்றும் தலையில் ஏறவில்லை. காபியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"மாட்டினா மானமே போயிடும், சில்வானா. உடம்பு சரியில்லன்னு சொல்லிடவா?"

"போன தடவையும் அதைத்தானே சொன்னே. ஒழுங்கா உள்ள போ."

அதற்குள் அலுவலக ஊழியர் தேடி வந்துவிட்டார்.

"பேராசிரியரே, பசங்க ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்காங்க."

உள்ளே போய் உட்கார்ந்தேன். முதல் மாணவி புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். அட்டையில் என் பெயர், என் படம். அதை எனக்காக எழுதிக்கொடுத்து, தேர்வுகளில் எனக்குப் பதிலாகக் கேள்வியும் கேட்டுவந்த உதவியாளர் லூதோவிகா, போன வாரம் வேலையை விட்டுப் போய்விட்டாள்.

"உங்களுக்குப் பிடிச்ச பகுதியிலிருந்து ஆரம்பிங்க. மெதுவாச் சொல்லுங்க," என்றேன், குறிப்பெடுக்கப் பேனாவைத் திறந்தபடி.