மலைக்கு மேலே ஒரு கோடு

"பட்டைங்க! சந்தேகமே வேணாம், விபூதிப் பட்டை!" சின்னசாமி வானத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "உத்தரவு கேட்டு வாய மூடல, அண்ணாமலையாரு போட்டே காட்டிட்டாரு."

செங்கம் ரோட்டில் சின்னசாமி வீட்டு மொட்டைமாடியில் இருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மலை உச்சிக்கு மேலே, மாலை வெயிலில், வெள்ளை வெளேரென்று ஒரு நீளக் கோடு கிடந்தது.

சின்னசாமியின் மகள் கஸ்தூரிக்கும் கீழ்பென்னாத்தூர் பலராமனின் மகன் அன்பரசனுக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது. மனசும் பொருந்திவிட்டது. கல்யாணத்தை அண்ணாமலையார் கோயிலில் வைப்பதா, பலராமன் வீட்டார் கும்பிடும் பெருமாள் கோயிலில் வைப்பதா என்பதில்தான் தாம்பூலத் தட்டு மாறாமல் நின்றது. "சாமியே உத்தரவு குடுக்கட்டும்" என்று இருவரும் ஒத்துக்கொண்ட நேரத்தில் அந்தக் கோடு வந்து சேர்ந்தது.

பலராமன் தன் நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "இப்படி வந்து பாருங்க சம்மந்தி. தென்ன மரத்துக்கு மேல நேரா நிக்குது. நாமம்ங்க இது!"

"நாமம்னா நடுவுல செவப்பு எங்க?"

"பொழுது எறங்கட்டும், தானா வரும். பட்டைன்னா மூணு கோடு இருக்கணுமே, மிச்சம் ரெண்டு எங்க?"

"கூப்பிட்ட ஒடனே ஓடியாந்தாரு. அவசரத்துல ஒண்ணுதான் போட முடிஞ்சிது."

பஜ்ஜித் தட்டுடன் வந்த கஸ்தூரிக்குப் பொறுக்கவில்லை. வேலூரில் இயற்பியல் படித்தவள். "அப்பா, அது ப்ளேன் புகைப்பா. அவ்ளோ ஒசரத்துல ஒறையற குளிரு. புகையில இருக்கற ஈரம் ஐஸ் தூளாயிடும். அங்க காத்துல ஈரம் ஜாஸ்தின்னா கோடு அப்படியே நிக்கும். கம்மின்னா ஒடனே மறைஞ்சிடும்."

"ஆமாப்பா" என்றான் அன்பரசன். தகப்பனார் பார்த்த பார்வையில் அவசரமாக ஒரு பஜ்ஜியைக் கடித்துக்கொண்டான்.

"அது பரவி மெல்லிசா மேகமாயிடும். பூமியோட சூட்ட வெளிய விடாம கம்பளி மாதிரி போத்திக்கும். இதனாலயும் உலகம் சூடாகுதுன்னு ஆராய்ச்சி பண்றாங்க."

"நாமத்தால சூடாகுதா?" பலராமன்தான் முதலில் சூடானார். "பொண்ணு படிப்பு ஜாஸ்தி போலருக்கு. சாமி போட்டத புகைங்கிற வாயி, நாளைக்கு எங்க வீட்டுல பெருமாளுக்குப் படைக்கிற தளிகைய என்னன்னு சொல்லும்?"

சின்னசாமியும் மகளை முறைத்தார். "நீ போம்மா. இது பெரியவங்க விஷயம்."

மாடிப் போர்ஷனில் குடியிருந்த டீச்சர்தான் வந்தவர்கள் உட்கார நாற்காலிகள் கொடுத்தவர். காபியும் அவர் வீட்டில்தான் தயாராகிக்கொண்டிருந்தது. தை பிறந்தும் கழற்றாத காகித நட்சத்திரம் ஒன்று அவர் வாசலில் ஆடியது. நாற்காலியைத் தூக்கி வரும்போது பலராமனின் தலை அதில்தான் இடித்திருந்தது.

கஸ்தூரி டீச்சர் வீட்டு அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்தாள். "ஒரு கோட்டுல என் கல்யாணம் நின்னுடும் போலருக்கு டீச்சர்."

"அழாத கண்ணு. தினம் துணி எடுக்கப் போறப்ப நானும் பாக்கறேனே. ஒண்ணோட நிக்காது." டீச்சர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துவிட்டு அடுப்பைத் தணித்தார். "காபிய செத்த பொறுத்தே கொண்டு போலாம்."

ஒன்றோடு நிற்காது என்றால் சண்டையும் பெரிதாகும் என்றுதான் கஸ்தூரிக்குப் பட்டது. அவள் பயந்தபடியே வெளியே குரல்கள் ஏறின.

"நட்டுக்க நிக்கறத படுத்திருக்குதுன்னு சொல்றீங்களே, கண்ணு தெரியலையா?"

"நிக்கறது கோடு இல்லீங்க. உங்க நாற்காலி திரும்பியிருக்குது!"

பலராமன் விருட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார். "தட்ட எடுடா. இந்த சம்மந்தம் நமக்கு வேணாம்."

அன்பரசன் தட்டைக் கையில் எடுத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை. வாசற்படியில் நின்ற கஸ்தூரியைப் பார்த்தான்.

அப்போது எங்கேயோ ஒரு மெல்லிய இரைச்சல். மலை உச்சியிலிருந்து புறப்பட்டது போல இன்னொரு வெள்ளைக் கோடு மேலேறி வந்தது. முதல் கோட்டைக் குறுக்கே வெட்டி, கொஞ்சம் தாண்டி நின்றது. எந்த நாற்காலியிலிருந்து பார்த்தாலும் அது இப்போது ஒரே மாதிரிதான் தெரிந்தது.

காபியோடு வந்த டீச்சர் தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். நிமிர்ந்து பார்த்தார். விரலால் நெற்றியையும் மார்பையும் இரண்டு தோள்களையும் பக்தியோடு தொட்டுக்கொண்டார்.

"ஆண்டவரே, எவ்ளோ அழகா போட்டிருக்கீங்க!" என்றார். "ரெண்டு பிள்ளைங்களையும் ஆசீர்வாதம் பண்ணிட்டாரு அண்ணே."

பட்டையும் நாமமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

சின்னசாமி தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க டீச்சர்... மேல குளிரு ஜாஸ்தி பாருங்க. ஈரம்... ஐஸ் தூளு..."

பலராமன் செருப்பைக் கழற்றினார். மகன் கையிலிருந்த தாம்பூலத் தட்டை வாங்கி, சின்னசாமியின் கையில் வைத்தார்.

"என் மருமவ அப்பவே சொல்லிச்சே, அது ப்ளேன் புகைன்னு!"