கூரையில் ஒரு முழப் பனி

ரேஜான் வண்டியின் கூரைமேல் பனி தள்ளும் பிரஷ்ஷை நீட்டித் தன் பக்கம் இழுத்தான். ஒரு முழப் பனி சரிந்து வந்து அவன் பூட்ஸ்மேலேயே விழுந்தது.

வண்டி அவனுடையது அல்ல. கிஸ்லேனுடையது. மூன்று வருடத்துக்கு முன்புவரை இந்த வீட்டில் அவனோடு மனைவியாக இருந்தவள்.

பிரிந்ததற்குப் பெரிய காரணம் என்று ஒன்றுமில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்துக்குப் பிறகு ஒருநாள் ஒரு வார்த்தை, அதற்கு ஒரு பதில் வார்த்தை. இரண்டு பேருக்குமே வாய் நீளம், இறங்கி வரத் தெரியாது. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடிக்குப் போய்விட்டான்.

நான்கு மாதம் பேச்சு இல்லை. அந்தக் குளிர்காலத்தின் முதல் பெரிய பனியன்று போன் வந்தது. நலமா கிலமா எதுவும் கிடையாது.

"உன்னால எனக்கு அபராதம்."

கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டுக் கூரைமேல் பனிமலையோடு கிளம்பியிருக்கிறாள். ரிமூஸ்கி ஊர் முனையில் போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். இது கட்டியாகப் பறந்துபோய்ப் பின்னால் வருகிறவன் கண்ணாடியில் விழுந்தால் யாரம்மா பொறுப்பு என்று கேட்டு, சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்துவிட்டார்.

இதில் நான் எங்கே வந்தேன் என்று ரேஜான் கேட்டான். நாலேமுக்கால் அடி உயரக்காரிக்கு இப்படி ஓர் ஒட்டகத்தை வாங்கிக் கொடுத்தது யார், இருபத்தாறு வருடம் கூரையைத் தானே துடைத்து அவளைக் கெடுத்து வைத்தது யார் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நியாயம்தானே.

மறுநாளிலிருந்து, பனி கொட்டிய காலையெல்லாம் ஆறரைக்கு வந்துவிடுவான். முதலில் கூரை, அப்புறம் கண்ணாடி, கடைசியாக விளக்குகள். ஏழு மணிக்கு அவள் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதற்கு முன் சமையலறைக் கதவைத் திறந்து காப்பிக் கோப்பையை நீட்டுவாள். அவன் படியிலேயே நின்று குடிப்பான். குடித்து முடிக்கிறவரை அவன் அண்ணன் சமையலைப் பற்றியோ ஹாக்கியைப் பற்றியோ கொஞ்சம் சண்டை போட்டுக்கொள்வார்கள். உள்ளே வா என்று அவள் சொன்னதில்லை. இவனும் கேட்டதில்லை, கேட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

நீளக் கைப்பிடி வைத்த பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளேன் என்று அவ்வப்போது சொல்வான். கடையில் தீர்ந்துபோய்விட்டதாம். மூன்று குளிர்காலமாகத் தீர்ந்துபோயிருந்தது. பனி தள்ளும் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருக்கிற மனுஷன் அதையும் நம்பினான்.

இன்றைக்கு வந்தது கடைசித் தடவை. வடக்கே ஃபெர்மோன் சுரங்கத்தில் இரண்டு வருட வேலை, திங்கட்கிழமை புறப்பட வேண்டும். போன ஞாயிறு அவளிடம் போனில் சொன்னான். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான். அங்கே குளிர் அதிகம், கம்பளிக் காலுறை எடுத்துக்கொள் என்றாள். அது அவனுக்கு மிகவும் வலித்தது.

வலித்தாலும், அவள் இந்தக் கூரையோடு தெருவில் போவாளே என்ற கவலை விடவில்லை. நேற்றுக் கடைக்குப் போய் ஒரு நீள பிரஷ் வாங்கினான். வாசலிலேயே கட்டுக்கட்டாக நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போதுதான் சரக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

கையில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. கொடுத்தால் ஏதாவது உளறிவிடுவான், அதை வைத்து அவள் கிண்டல் செய்வாள். டிக்கியில் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

டிக்கியைத் திறந்தான்.

உள்ளே நான்கு பிரஷ்கள் கிடந்தன. நான்கும் நீளக் கைப்பிடி, நான்கும் உறை பிரிக்காதவை. ஒன்றில் அவள் அக்காவின் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சீட்டு. இன்னொன்றில் முதியோர் இல்லத்துத் தோழிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவதில் நாடா மட்டும் கட்டியிருந்தது.

அடியில் கிடந்த நான்காவதின் உறைமேல் கடை ரசீது ஒன்று ஒட்டியிருந்தது. மை வெளிறியிருந்தாலும் தேதியும் நேரமும் தெரிந்தன. அவளுக்கு அபராதம் விழுந்த அதே நாள், காலை பத்தரை மணி.

அவனுக்குப் போன் வந்தது சாயங்காலம்.

ரேஜான் நான்கையும் பழையபடியே அடுக்கி வைத்தான். மூக்கு ஒழுகியது, குளிரினால் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, தான் வாங்கி வந்ததைத் தூக்கிப்போய்த் தன் வண்டியில் இருக்கைக்கு அடியில் திணித்தான். அவசரத்தில் டிக்கியைச் சரியாக மூடவில்லை.

சமையலறைக் கதவு திறந்தது. கிஸ்லேன் கோப்பையை நீட்டினாள். அவள் கண் சிவந்திருந்தது, இரவெல்லாம் தூங்கியவள் மாதிரித் தெரியவில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்று, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"போகலை."

"ஏனாம்?"

"நேத்துக் கடையில கேட்டேன். அந்த பிரஷ் இன்னும் வரலையாம்."

கிஸ்லேன் அவனைத் தாண்டி வண்டியைப் பார்த்தாள். ஒரு விரல் அளவு திறந்து கிடந்த டிக்கியைப் பார்த்தாள். அப்புறம் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"வராது" என்றாள். "அடுத்த வருஷமும் வராது."