தீப்பெட்டி வண்டி

அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் இருந்தான். அவனுக்கு ஒரே சிநேகிதி, சோடா மூடியைச் சக்கரமாக வைத்து வீட்டிலேயே செய்த தீப்பெட்டி வண்டி. எல்லாச் சண்டைக்கும் அவள்மேல் ஏறித்தான் போவான்.

ஒருநாள் கடையிலிருந்து புதுச் சிப்பாய்கள் வந்து இறங்கினார்கள்.

"யாரப்பா இது, உன் சொந்தமா?" என்று வண்டியைக் காட்டிச் சிரித்தான் அவர்கள் தலைவன்.

"சேச்சே! யாரென்றே தெரியாது. குப்பையாக இருக்கும்."

"அப்போ கீழே தள்ளு."

அவள் உண்மையைச் சொல்லிவிடுவாளோ என்று சிப்பாய் பயந்தான்.

அவளோ, "வழி தெரியாம வந்துட்டேங்க. அவர் ஏன் சிரமப்படணும்? நானே போயிடறேன்" என்று விளிம்புவரை உருண்டு, விழுந்தாள்.

அவள் நின்ற இடத்தில் அவனை நிறுத்தினார்கள். தலை குனிய வேண்டும்போல் இருந்தது அவனுக்கு. பிளாஸ்டிக் கழுத்து குனியவில்லை.

"இவனைப் பாருங்கடா, என்ன மிடுக்கு!" என்றான் தலைவன்.