ஃபிதென்சியோ மாட்டிய கண்ணாடி

டப்பென்று சத்தம். ரீங்காரச்சிட்டு ஒன்று ஜன்னல் கண்ணாடியில் மோதி, நிகொலாசாவின் காலடியில் வந்து விழுந்தது.

தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டைக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அதைக் கையில் எடுத்தாள். கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். கண் பாதி மூடியிருந்தது.

"செத்துப்போடா என் தங்கமே," என்றாள்.

உயிரோடிருக்கிற சிட்டு அவளுக்கு எதற்கு? செத்ததுதான் வேண்டும். அதுவும் தானாகச் செத்திருக்க வேண்டும், கொன்றால் பலிக்காது. புருஷன் பேரெழுதிய தாளோடு சேர்த்துச் சிவப்பு நூலைச் சுற்றி வைத்துக்கொண்டால், எவளிடம் போனவனும் திரும்பி வருவான். ஊருக்கே தெரிந்த வழி. சந்தையில் விற்பதை நம்ப முடியாது. பாதிக்குப் பாதி சாயமடித்த குருவிக்குஞ்சு.

நூற்கண்டை நாலு மாதமாக ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு அலைகிறாள்.

நாலு மாதத்துக்கு முன்னால்தான் அவள் புருஷன் ஃபிதென்சியோ இந்த வீட்டுக்குக் கண்ணாடி மாட்ட வந்தான். வேலை முடிந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிட்டான்.

எவ்வளவு பெரிய கண்ணாடி! வானமும் எதிர்ச்சுவர்க் காகிதப்பூக்கொடியும் அப்படியே அதற்குள் இருந்தன. சிட்டு ஏமாறாமல் என்ன செய்யும்? கண்ணாடிக்காரன் பெண்டாட்டி வீட்டு ஜன்னலில் ஒன்பது வருஷமாக பிளாஸ்டிக் தாள்தான் படபடத்துக்கொண்டிருக்கிறது.

உள்ளங்கையில் சிட்டின் நெஞ்சு தையல் மிஷின்போல் ஓடியது. சாகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.

கதவு திறந்தது. அவனை வைத்துக்கொண்டிருக்கிற பிரிஹிதா.

மூன்று நாளாகத் தமால் விற்கிற சாக்கில் இந்தத் தெருவைச் சுற்றியவள், இன்றுதான் அந்த முகத்தைக் கிட்டத்தில் பார்க்கிறாள். அழகியாக இருந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முன்பல் ஒன்று பாதி உடைந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், தன்னைப் போலவே ஒருத்தி. அதுதான் எரிந்தது.

"ஐயோ, அடிபட்டுருச்சா? கையிலயே வெச்சுட்டு நிக்கிறீங்களேக்கா, அதுக்குச் சூடு வேணும்."

கேட்காமல் கொள்ளாமல் சிட்டை வாங்கி, கூடைமேல் போர்த்தியிருந்த துணியில் கிடத்தினாள். அடியில் தமால்கள் சுடச்சுட இருந்தன. உள்ளே ஓடி, பாட்டில் மூடியில் சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்து அலகருகே பிடித்தாள்.

இழை மாதிரி ஒரு நாக்கு வெளியே வந்தது. போனது. மறுபடி வந்தது.

இதுவும் அவள் கையில்தான் குடிக்கிறது.

திறந்த கதவு வழியே நிகொலாசா உள்ளே பார்த்தாள். ஆணியில் அவனுடைய வைக்கோல் தொப்பி. ஆக, உள்ளேதான் இருக்கிறான். பட்டப்பகலில் இவள் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான்.

குவாதலூப்பே மாதாவே, இதைச் சாகவிடு. வேறெதுவும் கேட்க மாட்டேன்.

"போன மாசம் மோதினது செத்துப்போச்சு," என்றாள் பிரிஹிதா, சிட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல். "சிவப்பு நூல் சுத்தி, அவரு தலகாணிக்குள்ள வெச்சுத் தெச்சேன்."

பைக்குள் நிகொலாசாவின் கை நூற்கண்டை இறுக்கியது.

"பலிச்சுதா?"

"கிழிச்சுது. பத்து நாளாச்சு போயி. எவ வீட்டுல கண்ணாடி மாட்டுறாரோ."

சிட்டு ஒருமுறை உதறிக்கொண்டது. சட்டென்று எழும்பி, இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு கணம் நின்ற இடத்திலேயே பறந்தது. பிறகு சுவர்க்கொடிப் பக்கம் போய்விட்டது.

நிகொலாசா துணியை இழுத்து மூடிக் கூடையைத் தூக்கினாள்.

"நில்லுங்கக்கா. தமால் விக்கிறவ எவளும் கூவாம மூணு நாளா ஒரே வீட்டச் சுத்த மாட்டா." பிரிஹிதா உள்ளே போய்த் தொப்பியோடு வந்தாள். "மறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. உங்க பொருள், நீங்களே எடுத்துட்டுப் போங்க."

நிகொலாசா கை நீட்டவில்லை. உள்விளிம்பில் வியர்வைக் கறை ஏறிய அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளை விட்டுப் போனபோது அவன் பல் விளக்குகிற பிரஷ்ஷைக்கூட மறக்கவில்லை; திரும்பி வர ஒரு சாக்குக்கூட விட்டுவைக்கவில்லை.