குயில் போட்ட மார்க்கு

வேப்பமரத்துக் காக்காங்களுக்கு 'சிறந்த கூடு' விருது மேல பைத்தியம் புடிச்சுப் போச்சு. விண்ணப்பத்துல 'அறிவு மேலாண்மை'ன்னு ஒரு பகுதி. அதுக்கு மட்டும் நூறு மார்க்கு.

தலைவர் காக்கா நேரா சடைச்சிங்கிற காக்காகிட்ட வந்துச்சு. கூட்டுல கெடக்குற குயில் முட்டையைக் கண்டுபிடிக்க அந்த மரத்துலயே சடைச்சிக்கு மட்டுந்தான் தெரியும்.

"தெரிஞ்சதையெல்லாம் ஒரு ஃபைல்ல எழுதிக் குடும்மா."

"எழுதி என்னத்துக்கு? எல்லாரையும் கூப்பிடுங்க, முட்டையைக் காட்டியே சொல்லித் தரேன்."

"அதுக்கெல்லாம் மார்க்கு கெடையாது."

சடைச்சி எழுதிக் குடுத்துச்சு. வந்து எறங்குன நடுவரைப் பாத்ததும் அதுக்கு ரத்தம் கொதிச்சுது.

"யோவ் தலைவரே, போயும் போயும் குயிலையா நடுவராப் போட்டீங்க?"

"வெளியாளுதான் நடுவரா இருக்கணும்னு விதி. வாயை மூடு."

குயிலம்மா வரி விடாம படிச்சு, நூத்துக்கு நூறு போட்டுச்சு. மத்த மரங்களுக்கு மாதிரியாக் காட்டணும்னு ஃபைலையும் தூக்கிக்கிச்சு. "விழாவுக்கு ஒருத்தர் பாக்கியில்லாம வந்துரணும்"னு சொல்லிட்டுப் பறந்துச்சு.

விழாவுக்கு வராதது குயிலம்மா மட்டுந்தான்.

சடைச்சி திரும்பி வந்தப்ப, அதோட ஒரே முட்டை மரத்தடியில ஒடைஞ்சு கெடந்துச்சு. கூட்டுல குயில் முட்டை.

"எல்லாரும் அவங்கவங்க கூட்டைப் பாருங்க!"ன்னு கதறுச்சு.

"என்னத்தைப் பாக்குறது? அதான் ஃபைல்ல இருக்குல்ல?"ன்னுச்சுங்க மத்த காக்காங்க.

தலைவர் கேடயத்தைக் கூட்டுல சாத்தி வச்சுட்டுச் சிரிச்சுச்சு. "நல்ல நாள் அதுவுமா அழாதம்மா. விருது வந்த ராசியைப் பாரு, என் கூட்டுல ஒரு முட்டை கூடியிருக்கு!"