அரும்புத் தாள்

"டீச்சர், எனக்கு அரும்புத் தாள் ஒண்ணு வேணும்."

டிபன் பாக்ஸைப் பையில் திணித்துக்கொண்டிருந்த நர்மதா நிமிர்ந்து பார்த்தாள். ஆசிரியர் அறை வாசலில் பத்தாம் வகுப்பு பூமிகா நின்றிருந்தாள். கடைசி மணி அடித்தாயிற்று. வெளியே சிப்காட் கம்பெனி பஸ்கள் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிக்கொண்டு புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன.

"உனக்கு எதுக்கு அரும்பு? நீ மலர்."

நர்மதா கேட்டது நியாயம்தான். ஒவ்வொரு ஆங்கிலப் பாடத்தையும் மூன்று பக்குவத்தில் சமைப்பவள் அவள். புத்தகத்தில் இருப்பதை அப்படியே படிக்கிறவர்களுக்கு மலர். கடினமான வார்த்தைக்குப் பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டது மொட்டு. இன்னும் எழுத்துக்கூட்டுகிற பிள்ளைகளுக்காகச் சின்னச் சின்ன வாக்கியமாக உடைத்தது அரும்பு. "ஒரே ஊட்டுல மூணு அடுப்பா?" என்று மற்ற டீச்சர்கள் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும், பிள்ளைகள் படித்தார்கள். பூமிகாவோ மலரையே கரைத்துக் குடித்தவள்.

"நேத்து கிறிஸ்டினா படிச்சாளே டீச்சர், அந்தத் தாளு."

நர்மதாவுக்கு முகம் வாடிவிட்டது. வாயே திறக்காத கிறிஸ்டினா நேற்று எழுந்து நின்று, அரும்புத் தாளின் கடைசி வரியைக் கணீரென்று படித்தாள்: "ஹி கேம் ஹோம்." வகுப்பே கைதட்டியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தலைமையாசிரியர் தணிகைவேல் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

பாடம் ஒரு படகுக்காரனின் கதை. புயல் ராத்திரியில் கரையில் விளக்கேற்ற வேண்டிய அவன் மனைவி, வேறு வேலையாக இருந்து ஏற்றாமல் விட்டுவிடுகிறாள். ஏற்றியிருந்தால் அவன் வீடு வந்திருப்பான் என்று கதை முடிகிறது. அரும்புத் தாளிலோ, அவள் விளக்கை ஏற்றினாள், அவன் வீட்டுக்கு வந்தான்.

"இன்னாம்மா, கதையவே மாத்திட்டீங்க?" என்றார் தணிகைவேல்.

"'வுட் ஹேவ்' எல்லாம் அந்தப் பசங்களுக்குப் புரியாது சார். சுலபமாக்குனேன்."

"சுலபமாக்குறேன்னு, போனவனத் திருப்பிக் கூட்டிக்கினு வந்துட்டீங்களே! திங்கக்கெழமைக்குள்ள மாத்திக் குடுங்க."

வருஷக்கணக்காக இலக்கணம் சொல்லித்தருகிறவள் செய்கிற பிழையா அது? அவளுக்கே வெட்கமாக இருந்தது. டைப் அடிக்கும்போது கை அதன் போக்கில் போயிருக்கிறது. ஜெராக்ஸ் எடுக்கும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கத்தான் செய்தாள். அப்போதும் அது தப்பாகத் தெரியவில்லை.

"அது தப்பான தாளு பூமிகா. எல்லார்கிட்டயும் திருப்பி வாங்கிட்டேன்."

"அதான் டீச்சர் கேக்குறேன். மாத்துறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு குடுங்க."

"தப்பானத வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? புத்தகத்துல இருக்கறதப் படி. அதான் சரி."

"சரியானத எத்தினியோ தடவ படிச்சிட்டேன் டீச்சர். ஒரு தடவகூட அவன் வரல."

நர்மதா மேசை மேல் இருந்த போனைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. இப்போதெல்லாம் வகுப்பில்கூட அதைச் சைலண்டில் போடமாட்டாள். அதற்காகத் தணிகைவேலிடம் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. இத்தனைக்கும், வகுப்பில் போனை எடுக்கிற டீச்சர்களை ஒருகாலத்தில் அவள்தான் ஏசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு டவுட்டு டீச்சர். வந்திருப்பாருன்னா வந்துட்டாரா, வரலியா?"

பாடம் பற்றிய கேள்வி என்றதும் நர்மதாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"எங்க சொல்றோங்கறதப் பொறுத்தது. இந்நேரம் ஊட்டுக்கு வந்திருப்பாருன்னா, வந்துட்டாருன்னு நம்புறோம். விளக்க ஏத்தியிருந்தா வந்திருப்பாருன்னா, வரலன்னு அர்த்தம்."

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா டீச்சர்?"

"தமிழ்ல ஒரே வார்த்ததான்."

பூமிகா நகர்வதாக இல்லை. நர்மதா திரும்ப வாங்கி வைத்திருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள்.

"யாருக்கும் காட்டாத. ஹெச்.எம். பாத்தார்னா பேஜாரு."

"தேங்க்ஸ் டீச்சர்."

இருவரும் படியிறங்கினார்கள். டீச்சருக்குத் தர வேண்டிய மரியாதையோடு பூமிகா இரண்டடி பின்னாலேயே வந்தாள். நடந்துகொண்டே தாளின் கடைசி வரியை வாய்க்குள் முணுமுணுத்தாள். கேட்டைத் தாண்டியதும் விடுவிடுவென்று முன்னால் வந்து, நர்மதாவின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தாள்.

"ஸ்கூல வுட்டு வெளிய வந்தாச்சு, இப்ப அம்மான்னு கூப்புடலாம்ல?" என்றாள். "கோச்சிக்கினு போன அப்பா கடைசியா போன் பண்ணப்ப நீ கிளாஸ்ல இருந்த, எடுக்கல. அதனாலதாம்மா ஒன் கை அப்படி எழுதிடுச்சு. அழாத, வா, சீக்கிரம் போலாம். அப்பா இந்நேரம் ஊட்டுக்கு வந்திருப்பாரு."