வருஷத்தில் மூன்று நாள்

"தொப்பி, கறுப்புக் கண்ணாடி, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு... எதுவும் உள்ளே கூடாது!" கேசினோ வாசலில் காவலாளி வரிசையைப் பார்த்துக் கத்தினான்.

அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே வெங்ஹோய் தன் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் திணித்திருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி சோக்லான் அதைப் பார்த்தாள்.

வெங்ஹோய் அரசாங்கத்தில் தெருவிளக்குப் பிரிவு எழுத்தர். சீனாவின் மக்காவ் நகரில் அரசு ஊழியர் கேசினோவுக்குள் கால் வைத்தால் வேலைக்கே ஆபத்து. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாட்களுக்கு மட்டும்தான் விலக்கு. "வருஷத்துல மூணு நாள்தானே உங்களை உள்ள விடறாங்க, ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வருவோமே" என்று இரண்டாம் நாள் காலையிலேயே அவரை இழுத்து வந்தவள் சோக்லான்தான். "எனக்கு இந்தக் கருமமெல்லாம் ஆகாது" என்று அவர் வழி நெடுகப் புலம்பிக்கொண்டு வந்தார்.

உள்ளே நுழைந்ததும் கழிப்பறைக்குப் போய் வந்தவர், மனைவியோடு ஓரத்துச் சீட்டு மேசையருகே உட்கார்ந்தார். தள்ளுவண்டியில் தேநீர் கொடுத்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, சிவப்பு உடை, சிரித்தால் கன்னத்தில் குழி. எல்லோருக்கும் பால் தேநீர் கொடுத்தவள், வெங்ஹோய்க்கு மட்டும் தனியாக ஒரு கோப்பையை எடுத்து வைத்தாள்.

"புத்தாண்டு வாழ்த்து, வெங் அண்ணே! உங்க ஆரஞ்சுத்தோல் டீ. சர்க்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன்."

குழி விழ ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். வெங்ஹோய் திருதிருவென்று விழித்தார்.

"யாரு அவ?" சோக்லான் அவரை முறைத்தாள்.

"சத்தியமாத் தெரியாது, லான்."

"தெரியாதவதான் பேரைச் சொல்லி, அண்ணேன்னு குழையறாளா?"

"வேற யாரோன்னு நெனச்சிருப்பா."

"டீயுமா வேற யாரோடதோ? ஆரஞ்சுத்தோல் டீயை என் கையால மட்டும்தான் குடிப்பீங்கன்னு பெருமையா நெனச்சிட்டிருந்தேனே! இப்ப அவ கையாலயும் குடிக்கிறீங்களா?"

வெங்ஹோய் கோப்பையை உற்றுப் பார்த்தார். வீட்டில் போடுகிற அதே நிறம், அதே மணம். அவருக்கும் தலைகால் புரியவில்லை.

"தொப்பியைக் கழட்டுன்னு அவன் சொல்றதுக்கு முந்தியே கழட்டினீங்களே, அது யார் சொல்லிக் குடுத்த பாடம்? கழிப்பறை எங்கேன்னு ஒருத்தரையும் கேக்காம நேராப் போயிட்டு வந்தீங்களே, முதல் தடவை வர்ற மனுஷனா நீங்க? உங்களாலதான் இங்க வர முடியாதே! அப்போ அவதான் வெளியில உங்களைச் சந்திச்சு எல்லாத்தையும் ஒப்பிச்சிருக்கா!"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! அவளுக்கென்ன, கொடி மாதிரி இடுப்பு. எனக்கும் இருந்துச்சு. உங்க வீட்டு அடுப்படியிலதான் அது போச்சு. ராத்திரி ஓவர்டைம் ஓவர்டைம்னு நீங்க போனப்பல்லாம், பாவம் மனுஷன் கஷ்டப்படறார்னு சூப்பைச் சுட வெச்சுக்கிட்டுக் காத்திருந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"இன்னிக்கு எங்கம்மா வீட்டு விருந்துக்கு நாம ஜோடியாப் போகணும். நான் தனியாப் போறேன். ஏன் தனியா வந்தேன்னு எங்க அண்ணனுங்க கேப்பாங்க. இந்தக் கன்னக்குழியைப் பத்திச் சொல்லுவேன். அப்புறம் உங்க வீட்டு வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

சோக்லான் சொன்னால் செய்துவிடுகிறவள். வெங்ஹோய்க்கு அது நன்றாகத் தெரியும். வேலை போனால்கூட எங்காவது பிழைத்துக்கொள்ளலாம், இவள் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்தார். பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

"நில்லு லான்! பொம்பள சமாச்சாரமே இல்ல. செத்துப்போன எங்கப்பா மேல ஆணை." சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான்... நான் இங்க வந்துட்டுத்தான் இருக்கேன். வாராவாரம். ஓவர்டைம்னு சொன்னதெல்லாம் பொய். இந்த மேசையிலதான் உக்காந்திருந்தேன்."

"உங்களை எப்படி உள்ள விடுவாங்க?"

"வாசல்ல உடுப்பைப் பார்ப்பாங்க, வயசைப் பார்ப்பாங்க. என்ன வேலைன்னு யாரு கேக்கறா? மாட்டினாத்தான் வம்பு. தொப்பியும் கழிப்பறையும் அப்படித்தான் தெரியும். ஆனா அந்தப் பொண்ணை இன்னிக்குத்தான் பார்க்கறேன். இங்க நான் பச்சத் தண்ணியைத் தவிர எதையும் தொட்டதில்ல. என் டீ அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு விளங்கவே இல்ல, லான். நம்பு!"

சோக்லான் மெதுவாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையைத் தூக்கி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் வண்டியை விட்டுவிட்டு ஓடி வந்தாள். சோக்லான் கைப்பையிலிருந்து புத்தாண்டுப் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையை எடுத்து அவள் கையில் அழுத்தினாள்.

"சொன்னபடியே செஞ்சிட்டே, ரொம்ப நன்றிம்மா. என் சக்களத்தி இந்த மேசைதான்னு அவர் வாயாலயே ஒத்துக்கிட்டார்!"